ஐந்தடி நாலங்குலச் சிப்பாய்

கலியாணம் விசாரிப்பதில் எங்கள் ஆட்களை வெல்ல உலகத்தில் எந்தப் பொலிசாலும் முடியாது. மாப்பிள்ளையின் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டுப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். அதற்குள் அவருடைய பெரியப்பா எத்தனையாம் வகுப்பில் பெயில் விட்டவர், மூத்த மாமி யாரோடு என்னத்துக்காகக் கதைப்பதில்லை என்பது வரை வந்து சேர்ந்திருக்கும். ரொறன்ரோவில் ஒருத்தி, பாரிஸில் ஒருத்தி, ஊரில் ஒருத்தி என்று மூன்று பேருடைய தொலைபேசி இலக்கம் இருந்தால் போதும்.

இந்த விசயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இப்போது இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். (வீட்டில் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள் என்ற துணிவுதான். பிள்ளைகள் தமிழ் எழுத்துக் கூட்டி முடிக்க நான் கிழவியாகிவிடுவேன். என் மனுசனோ நான் எழுதுவதை வாசிப்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறார்.)

ஆறு வருடங்களுக்கு முன் என் அக்காவின் ஒரே மகள் நிரோஷி, டானியல் மக்ரே என்ற வெள்ளைக்காரப் பொடியனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். அவனை ஒருநாள் மொன்ட்ரியால் நகரத்தின் வடக்கே, மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் அக்கா வீட்டுக்குச் சாப்பாட்டுக்கும் கூட்டி வந்தாள். அவன் போன பிறகு அக்கா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"பொடியன் நல்ல பொடியன்தான். குனிஞ்ச தலை நிமிராமல் சாப்பிட்டவன். ஆனா ஆர் எவர் எண்டு தெரியாமல் எப்பிடியடி பிள்ளையைக் குடுக்கிறது?"

(குனிந்த தலை நிமிராததற்குக் காரணம் அக்காவின் மீன்குழம்பு. உறைப்பில் வந்த கண்ணீரைச் சாப்பாட்டுக் கோப்பைக்குள்ளேயே விட்டுக்கொண்டிருந்தான், பாவம்.)

"அக்கா, அவனுக்குத் தாய் இல்லை. தகப்பன் எங்கயோ மேற்கில. நகரத்தின்ர மற்றத் தொங்கலில, ரொக்ஸ்பரோவில இருக்கிற தாத்தாதான் வளர்த்தவர். அந்தாள் மூண்டு கிழமையில உங்களைப் பாக்க வாறாராம். நேர கேளுங்கோவன்."

"வீட்டுக்கு வாற மனுசனிட்ட, உங்கட பரம்பரையில ஆரும் விசரோ, களவோ, ரெண்டு பெண்சாதியோ எண்டு கேக்கிறதே? அதுக்குத்தானே ஒரு ஆள் விசாரிக்கிறது. ஊரெண்டால் நாலு இடத்தில கேட்டு முடிச்சிருப்பன். இங்க ஆரிட்டப் போய்க் கேக்க?"

 திரும்பி வரும்போது நிரோஷி வெளிப்படிக்கட்டில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். என் மடியில் வளர்ந்த பிள்ளை. பக்கத்தில் போய் இருந்தேன்.

"அம்மா ஓமெண்டு சொல்லாமல் நான் கட்டமாட்டன், சின்னம்மா. அவனை விடவும் மாட்டன். இப்பிடியே இருந்து நரைச்சுப் போறன்."

"விசர்க்கதை கதையாதை. நான் இருக்கிறன் எல்லே," என்றேன். வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிழைகள் எல்லாம் இந்த ஒரு வசனத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

டானியலைப் பிடித்து வீட்டில் இருத்தி விசாரித்தேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. இந்தச் சனத்துக்குத் தங்கள் மாமாவின் பெண்சாதி பெயரே யோசித்துத்தான் வரும். ஒன்று மட்டும் சொன்னான். அவனுடைய தாத்தாவின் தாத்தா ஆர்ச்சிபால்ட் மக்ரே என்பவர் தென்னாபிரிக்காவுக்குப் போய், பிரித்தானியாவுக்காக, அங்கே குடியேறியிருந்த போயர் என்ற வெள்ளைக்காரரோடு சண்டை பிடித்தவர். நூற்றியிருபது வருடத்துக்கு மேற்பட்ட கதை. குதிரைப்படை.

"என்ன செய்தவர், எங்க போனவர், ஆருக்கும் தெரியாது. அவர் அதைப் பற்றிக் கதைக்கிறதே இல்லையாம்," என்றான்.

கதைக்காவிட்டால் என்ன? அந்த யுத்தத்துக்குக் கனடாவில் இருந்து போன சிப்பாய்களின் சேவைப் பதிவுகள் ஒட்டாவா ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, அதுவும் கணினியில் பார்க்கலாம் என்று அன்றைக்குப் பின்னேரமே கண்டுபிடித்தேன். எனக்குக் கை கால் ஓடவில்லை. நான் செயின்ட்-மிஷேலில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். பதினாறு வருடமாக என் தொழிலே மற்றவர்களுடைய பைலைத் திறந்து பார்ப்பது. இந்த வேலைக்கென்றே என்னைக் கடவுள் படைத்ததுபோல் இருந்தது.

ஆர்ச்சிபால்ட் மக்ரே என்று தேடினால் நாலு பேர் வந்து நின்றார்கள். ஒருவரை மற்றவரிடம் இருந்து எப்படிப் பிரிப்பது? எங்கள் முறைதான். ஊர் எது, தாய் யார், எந்தக் கோயில். டானியலைத் துரத்தி, தாத்தா வீட்டுப் பழைய பைபிளின் முன்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். தாயின் பெயர் எஃபி. ஊர் இந்தக் கியூபெக்கிலேயே கிழக்குப் பக்கம் ஒரு கிராமம். மூன்றாவது ஆர்ச்சியின் பத்திரத்தில் அதே எஃபி, அதே கிராமம்! நான் கதிரையில் இருந்து துள்ளி எழுந்து "பிடிச்சிட்டன்!" என்று கத்தியதில், விறைப்பு ஊசி போட்டு ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போய் இருந்த கிழவர் ஒருவர், தன் பல்லில்தான் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

படையில் சேரும்போது நிரப்பிய அந்தப் படிவம் இருக்கிறதே, அதைத் தயாரித்தவர் நிச்சயம் எங்கள் ஊர் மாமி ஒருவராகத்தான் இருக்கவேண்டும். பெயர் என்ன, பிறந்த ஊர் எது, வயது என்ன, என்ன தொழில், என்ன சமயம், கலியாணம் முடித்ததா, உயரம் எவ்வளவு, நிறம் என்ன, உடம்பில் என்ன அடையாளம். ஒன்றுவிடாமல் கேட்டு வைத்திருந்தார்கள். வயது இருபத்தினாலு. குதிரைக்கு லாடம் அடிக்கிற தொழில். கண் நீலம். உயரம் ஐந்தடி நாலங்குலம். பல் நல்லம். (இதை நான் இரண்டு தடவை வாசித்தேன். தொழில் பாசம்.) கடைசியில் விலகல் பத்திரத்தில் நடத்தை என்ற இடத்தில் 'மிக நன்று' என்று எழுதிக் கையொப்பம்.

ஒவ்வொரு நாளும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்துக் கிடைத்ததைச் சொன்னேன். முதல் நாள் வேண்டாவெறுப்பாகக் கேட்டவள், மூன்றாம் நாள் தானே எடுத்தாள்.

"எடியே, இண்டைக்கு என்ன வந்தது?"

"அக்கா, காணி வந்திருக்கு! சண்டைக்குப் போய் வந்தவைக்கு அரசாங்கம் மேற்கில காணி குடுத்திருக்கு. இவரும் கேட்டு எழுதியிருக்கிறார். முந்நூற்றி இருபது ஏக்கர்."

 மறுமுனையில் அக்கா ஏக்கரை எங்கள் ஊர்ப் பரப்புக் கணக்கில் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயாயிரத்துச் சொச்சம் பரப்பெல்லே? இப்ப ஆற்ற பேரில இருக்கு?"

"வித்துப்போட்டாராம்."

"ம். விசரன்," என்றாள் அக்கா. சொந்த மைத்துனரைத் திட்டுவதுபோல் உரிமையாகத் திட்டினாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம் பொங்கியது.

நாலாம் நாள் வேறு மாதிரிக் கேட்டாள்.

"அது சரி, இவர் ஏன் அங்க போனவர்? அந்தச் சனம் இவருக்கு என்ன செய்தது?"

"அக்கா, அது வெள்ளைக்காரனோட வெள்ளைக்காரன் பிடிச்ச சண்டை..."

"அப்ப அந்தக் கறுப்புச் சனம்? அதுகளின்ர நிலத்திலதானே பிடிச்சவை? ஒருத்தன்ர வளவுக்க போய் ரெண்டு பேர் அடிபட்டால், வளவுக்காரன்ர கதி என்ன? எங்களுக்குத் தெரியாதே?"

 அந்தப் பைலில் எல்லாக் கேள்வியும் இருந்தது, இது மட்டும் இல்லை.

ஐந்தாம் நாள் அந்தக் கடிதம் வந்தது. பைலின் நடுவில், கோணல் மாணலான எழுத்தில், எஃபி படைக்காரருக்கு எழுதியது. மகனிடம் இருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை, காய்ச்சலில் ஆசுப்பத்திரியில் இருக்கிறான் என்று பக்கத்து ஊர்ப் பையன் எழுதியிருக்கிறான், உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள், வேறொன்றும் கேட்கவில்லை. இவ்வளவுதான். நான் அழுதுகொண்டே தொலைபேசியில் அதைத் தமிழில் சொன்னேன். எங்கள் வீட்டிலும், சண்டைக் காலத்தில் காணாமல் போன அண்ணனைப் பற்றி அந்த ஒரு வரிக்காக அம்மா எத்தனை அரசாங்கக் கந்தோர் வாசலில் நின்றிருக்கிறா.

அக்காவும் அழுதாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, "பேந்து? பொடியன் வந்தானோ?" என்றாள்.

"வராமல்? வந்தபடியாத்தானே அக்கா டானியல் இருக்கிறான்."

"ஓம் என்ன," என்று அழுகைக்குள் சிரித்தாள். சரி, காய் கனிந்துவிட்டது என்று மெதுவாகக் கேட்டேன்.

"அப்ப கலியாணத்துக்கு ஓமெண்டு சொல்லுறியளோ?"

"ஆள் நல்லவர்தான். ஆனா நான் பிள்ளையை அவருக்கே கட்டிக் குடுக்கப்போறன்? அவர் செத்து எத்தினை வருசம். இருக்கிற ஆக்களைப் பாத்துத்தான் சொல்லுவன்."

இங்கே நான் நிறுத்தியிருக்கவேண்டும். கெட்டிக்காரி, ஒழுங்காக விசாரித்தாய், போய்ப் படு என்று என்னிடம் யாராவது சொல்லியிருக்கவேண்டும். என் மனுசன் சொன்னார்தான். ஆனால் அவர் எப்போதும் அதையேதான் சொல்வார் என்பதால் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்த நாள் வெறும் கூகிளில் அந்தப் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடியபோது ஒரு படம் வந்து விழுந்தது. அந்தக் கிராமத்துப் பழைய படங்களை யாரோ ஏற்றி வைத்திருந்த பக்கம். மண்ணிற மங்கல் படம். படைச் சட்டையும் தொப்பியும் போட்ட ஒரு வாலிபன் குதிரைக்குப் பக்கத்தில் நிற்கிறான். கீழே 'மக்ரே, குதிரைப்படை' என்று தொடங்கி நாலு சொல், அதற்குப் பிறகு 'மேலும் வாசிக்க'. மேலும் வாசிப்பதற்கு எனக்குப் பொறுமை எங்கே? மூக்கைப் பார்த்தேன். அப்படியே டானியலின் மூக்கு. அழுகையே வந்துவிட்டது.

மனுசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"உயரம் எவ்வளவு எண்டு சொன்னனீர்?"

"ஐஞ்சடி நாலங்குலம்."

"இதில குதிரையை விட உயரமா நிக்கிறார்."

"குதிரை கட்டை," என்றேன்.

"சட்டைக் கை முழங்கைக்குக் கிட்ட நிக்குது. பொத்தானும் பூட்டேல்லை."

"அரசாங்கம் துணியில மிச்சம் பிடிச்சிருக்கும். அந்தக் காலத்துச் சண்டை."

"மணிக்கட்டில என்ன?"

"காயத்துக்குக் கட்டின துணி. சும்மா நொட்டை பிடிக்காமல் போங்கோ அங்கால!"

அவர் போய்விட்டார். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. பதினாறு வருடம் பைல் பார்த்தவள், கண்ணுக்கு முன்னால் இருந்ததைப் பார்க்கவில்லை.

எங்கள் சடங்கு வேலைகளுக்குப் படம் அடித்துக் கொடுக்கும் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணை கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடிப்பதில் இந்த ஊரிலேயே பெரிய கை. படத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஆள் எப்ப தங்கச்சி மோசம் போனது?"

"அது கனகாலம் அண்ணை."

"வெள்ளைக்காரர் எண்டாலும் எங்கட முறையில செய்வம் என்ன?" என்றார். செய்தார். மூன்றடி உயரம். பின்னால் நீல வானமும் முகிலும். இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. கீழே, 'மண்ணில்' என்று பிறந்த வருடம், 'விண்ணில்' என்று இறந்த வருடம். இரண்டையும் பைபிளில் பார்த்துக் கொடுத்திருந்தேன். தங்க நிறச் சட்டம். அவர் பெருமையாகத் துடைத்துக் கொடுத்தார், நான் பெருமையாக வாங்கிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டு வரவேற்பறையில் படத்தை வைத்து, சந்தனப்பொட்டு வைத்து, மாலை போட்டு, விளக்கேற்றி, முன்னால் வாழையிலையில் படையல் வைத்தோம். வடை, பாயசம், மோதகம். செத்தவருக்குப் பிடித்ததை வைக்கவேண்டும் அல்லவா, சிப்பாய் என்றபடியால் ஒரு சின்னக் கிளாசில் விஸ்கியும் வைத்தேன். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நிரோஷிக்கும் டானியலுக்கும்கூடச் சொல்லவில்லை. அக்காவின் காஞ்சிபுரம் சேலை ஒன்றால் எல்லாவற்றையும் மறைத்துத் தொங்கவிட்டேன். அக்காவே கொஞ்சம் உருகிப்போய்த்தான் நின்றாள்.

"இப்பிடி ஒரு மரியாதையை அந்தாள் சீவியத்தில கண்டிருக்காது," என்றாள். உண்மை. கண்டிருக்கவில்லை.

டானியலை வளர்த்த கோர்டன் தாத்தா வந்தார். எண்பது வயது, ஆறடிக்கு மேல் உயரம், கழுத்தில் டை, கையில் மேப்பிள் பிஸ்கட் பெட்டி. சப்பாத்தைக் கழற்றச் சொல்லமுதலே கழற்றினார். அக்கா அதைக் கவனித்து எனக்குக் கண் காட்டினாள். எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது. நான் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு எனக்குத் தெரிந்த இங்கிலீசில் பேசினேன். எங்கள் வழக்கத்தில் குடும்பத்தின் மூத்தவர்களை எப்படி மதிப்போம் என்று சொன்னேன். உங்கள் வீரரை எங்கள் வீட்டுக்கு அழைத்திருக்கிறோம் என்றேன். சேலையை இழுத்தேன்.

 டானியலிடம் இருந்து தண்ணீர்க் குழாய் அடைத்ததுபோல் ஒரு சத்தம் வந்தது. தாத்தா மெதுவாக எழுந்து, கண்ணாடியைப் போட்டு, குனிந்து பார்த்தார். படத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். வடையைப் பார்த்தார்.

"அது நான்," என்றார்.

நான் பொறுமையாகச் சிரித்தேன். வயது போனவர், தடுமாறுகிறார். "இல்லை ஐயா, இது உங்கட தாத்தா. முகச்சாயல் இருக்கும்தானே," என்று பைலை எடுத்துக் காட்டத் தொடங்கினேன். அவருடைய முகம் அது இல்லை என்று அவருக்கே நான் விளக்கிக்கொண்டிருந்தேன். கடவுளே!

அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டு மணிக்கட்டை நீட்டினார். மணிக்கூடு. படத்தில் நான் காயக்கட்டு என்று சாதித்த அதே மணிக்கூடு.

"இது என் தகப்பன் எனக்குத் தந்தது. படம் எடுத்தது என் மனைவி. ஊர்த் திருவிழாவில் தாத்தாவின் சட்டையை என்னைப் போடச் சொன்னார்கள். அவர் கட்டை மனிதர், ஒரு பொத்தானும் பூட்ட முடியவில்லை." பிறகு கீழே இருந்த எண்களைக் காட்டி நிரோஷியிடம் அது என்ன என்று கேட்டார். அவள் அழுகிற குரலில் மண்ணையும் விண்ணையும் சொன்னாள். தாத்தா விரலில் எண்ணினார்.

"அப்படியென்றால் நான் பிறக்க எட்டு வருசத்துக்கு முதலே செத்துப்போனேன்."

இங்கிலீசு விளங்காத அக்காவுக்கு இது மட்டும் எப்படியோ விளங்கிவிட்டது.

"ஐயோ என்ர கடவுளே! உயிரோட இருக்கிற மனுசனுக்கோ மாலை போட்டனி? என்ர வீட்டிலயோ? என்ர விளக்கிலயோ?" என்று தலையில் அடித்துக்கொண்டு மாலையைப் பிடுங்கி எறிந்தாள். படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். பிறகு குசினிக்கு ஓடி ஒரு கைப்பிடி செத்தல் மிளகாயும் உப்பும் அள்ளிக்கொண்டு வந்து, கதிரையில் ஏறி நின்று, தாத்தாவின் தலையை மூன்று தரம் சுற்றினாள். அவர் அசையாமல் நின்றார். இதுவும் சம்பந்தம் பேசுவதில் ஒரு பகுதி என்று நினைத்தாராம்.

சுற்றிய மிளகாயை அடுப்பில் போட்டாள். ஊரில் என்றால் முற்றத்தில் எரிப்போம். இது மூன்றாம் மாடி. புகை எழும்பி எல்லாரும் தொண்டை கிழியத் தும்ம, புகை மணி அலறியது. அதைக் கேட்டு மாடிப்படி மணி அலறியது. அதைக் கேட்டுக் கட்டடம் முழுக்க அலறியது. இரண்டு நிமிடத்தில் அந்த மாடிவீடுகளின் சனம் அத்தனையும், குழந்தை, பூனை, கைத்தடி சகிதம் ரோட்டில் நின்றது. சித்திரை மாதம் என்று பெயர்தான், பனி முழுக்கக் கரையவில்லை. தாத்தா காலுறையோடு நின்றார். யாரோ என்ன நடந்தது என்று கேட்டதற்கு என் மனுசன், "பெரிசா ஒண்டுமில்லை, என்ர மனுசி ஒரு ஆளை மேல அனுப்பப் பாத்தவ," என்றார். நிரோஷி என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடவேண்டும்போல் இருந்தது. இந்தப் பிள்ளையின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்று தோன்றி, தேம்பித் தேம்பி அழத் தொடங்கினேன்.

அக்கா மட்டும் அழவில்லை. தன் கம்பளிச் சால்வையைக் கழற்றித் தாத்தாவைப் போர்த்தினாள். பக்கத்து வீட்டுப் பெண் தன் மனுசனுக்கென்று தூக்கிக்கொண்டு வந்த சப்பாத்தை வாங்கித் தாத்தாவின் காலடியில் வைத்தாள்.

"இண்டைக்கு இவருக்கு ஒரு தும்மல் வந்தாலும் அது என்ர தலையிலதான்," என்றாள்.

அப்போது தாத்தா சிரிக்கத் தொடங்கினார். சும்மா சிரிப்பில்லை. டானியலின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும் என்னிடம், "அந்தப் பைல் உண்மையானதா?" என்றார். ஓம் என்றேன். அது என் கையில்தான் இருந்தது. (கட்டடம் எரிகிறது என்று நினைத்து ஓடிவந்தபோது நான் எடுத்துக்கொண்டு வந்தது அதை மட்டும்தான். பிள்ளைகளின் பாஸ்போர்ட் அடங்கிய கைப்பையை மேலேயே விட்டிருந்தேன்.) ரோட்டில் வைத்தே எஃபியின் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை.

"இப்பிடி ஒரு கடிதம் இருக்கிறது எங்கள் ஒருவருக்கும் தெரியாது," என்றார்.

அக்கா நிரோஷியிடம், "அந்தாள் ஏன் அங்க சண்டைக்குப் போனவர் எண்டு கேள்," என்றாள். நிரோஷி தயங்கினாள். "கேளடி!"

தாத்தா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "எனக்குத் தெரியாது. வயது இருபத்தினாலு, குதிரை பிடிக்கும், ஊர் அலுத்திருக்கும். திரும்பி வந்த பிறகு வீட்டில் ஒரு வேட்டைத் துவக்குக்கூட வைக்க விடவில்லை என்று என் தகப்பன் சொல்லுவார். அவர் உயிரோடு இருந்திருந்தாலும், அங்கே என்ன செய்தார் என்று கேட்க எனக்குப் பயமாகத்தான் இருந்திருக்கும்."

அக்கா தலையை ஆட்டினாள். அது சம்மதத் தலையாட்டல் இல்லை, ஆனால் மறுப்பும் இல்லை. தீயணைப்புக்காரர் மேலே போய் மிளகாயைப் பார்த்துவிட்டு எங்களை உள்ளே விட்டபோது, தாத்தா நேரே படையலுக்கு முன்னால் போய் இருந்தார். "இது எனக்குத்தானே வைத்தது?" என்று கேட்டுவிட்டு வடையைத் தின்று, பாயசத்தைக் குடித்து, கடைசியில் விஸ்கியையும் ஒரே இழுவையில் முடித்தார். போகும்போது படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மற்ற நாள் காலை ஏழு மணிக்கு அக்கா ரொக்ஸ்பரோவுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீசில், "குட் மோர்னிங். யூ ஓகே?" ஓகே என்றார். வைத்துவிட்டாள். அடுத்த நாளும் எடுத்தாள். அதற்கடுத்த நாளும். எட்டாம் நாள் பதறிக்கொண்டே எடுத்தாள், ஏனென்றால் அது செத்தவருக்குச் செய்யும் எட்டுச் செலவு நாள். துடக்குக் கழியும் முப்பத்தோராம் நாள் வரும்வரை அவளுக்கு நித்திரை இல்லை. இடையில் ஒருநாள் அவர் குளித்துக்கொண்டிருந்து தொலைபேசியை எடுக்காமல் விட, அக்கா ரயில் ஏறி ரொக்ஸ்பரோவுக்கே போய்விட்டாள். கையில் ரசப் போத்தல். ஈரத்தலையோடு கதவைத் திறந்த மனிதரைக் கண்டதும் வாசலிலேயே குந்திவிட்டாளாம்.

முப்பத்தோராம் நாள் எல்லாரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். தாத்தாவுக்கு உறைப்பில்லாத கறி தனியாக. அவர் இரண்டாம் தரமும் சோறு கேட்டதைப் பார்த்துவிட்டு, நிரோஷியின் பக்கம் திரும்பினாள்.

"மனுசன் இருக்கேக்க கெதியாக் கலியாணத்தை வைப்பம். எனக்கு இனி நெஞ்சு தாங்காது."

நிரோஷி அழுதாள், நான் அழுதேன், டானியல் என்னவென்று விளங்காமலே அழுதான். ஆவணியில் கலியாணம் நடந்தது. தாத்தா எல்லாரிடமும் கைகொடுத்து, "நான்தான் காலஞ்சென்ற கோர்டன்" என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டு திரிந்தார். எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு ஏழெட்டுச் சம்பந்தம் பேசியாகிவிட்டது. ஒன்றுக்கும் என்னை விசாரிக்க விடவில்லை. 'சுகியிட்டக் குடுக்காதேங்கோ, ஆளை முடிச்சுப்போடுவாள்' என்று என் பெயரைப் பாரிஸ் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஏழு மணித் தொலைபேசி மட்டும் நிற்கவில்லை. தாத்தா அதற்கென்று நிரோஷியிடம் இரண்டு தமிழ்ச் சொல் படித்தார். அக்கா எடுத்ததும் ஹலோ சொல்வதில்லை. "இன்னும் இருக்கிறன்," என்பார். அக்கா "சரி" என்று வைத்துவிடுவாள்.

போன மாரியில் அவருக்கு நெஞ்சில் ஒரு சத்திரசிகிச்சை. மற்ற நாள் விடியற்காலையிலேயே நான் அக்கா வீட்டில் நின்றேன். ஏழு மணிக்கு அக்கா எடுக்கமுதல் தொலைபேசி தானாக அடித்தது. தெரியாத இலக்கம். அக்கா அதை என்னிடம் நீட்டினாள். ஒரு தாதி பிரெஞ்சில் கதைத்தாள். மிஸ்டர் மக்ரேயால் இப்போது கதைக்க முடியாது, தொண்டையில் குழாய் இருக்கிறது, ஆனால் ஏழு மணிக்கு இதைச் சொல்லியே தீரவேண்டும் என்று நேற்றே எழுதித் தந்திருக்கிறார், தனக்கு இது என்ன பாசை என்றே தெரியாது, மன்னியுங்கள் என்றாள். பிறகு கடதாசியைப் பார்த்து எழுத்து எழுத்தாக வாசித்தாள்.

"இன்-னும் இருக்-கி-றன்."

நான் அக்காவிடம் சொன்னேன். அக்கா கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கண்ணைத் துடைத்தாள்.

"சாப்பிட்டவரோ எண்டு கேள்," என்றாள்.